இரண்டரை அடி விவசாயி

மீன் தொட்டி வைத்திருப்பவர் வேறு, செடித் தொட்டி வைத்திருப்பவர் வேறு. முன்னவர் வீட்டில் நீலக் கூழாங்கல் இருக்கும், குமிழி விட்டு வாய் பிளக்கும் பிளாஸ்டிக் புதையல் பெட்டி இருக்கும், நாலு தங்கமீன் இருக்கும். விருந்தாளி குழந்தையோடு வந்தால், "பாரு கண்ணு, மீனு" என்று காட்டிவிட்டுக் காபி போடச் சொல்லப் போய்விடுவார். பின்னவர் வீட்டில் அப்படி லேசில் தப்பிக்க முடியாது. அவர் தொட்டியைப் பார்த்து "மீன் அழகா இருக்கே" என்று சொல்லிப் பாருங்கள், முகம் சுருங்கிவிடும். தொட்டியில் மீனும் இருக்கிறது என்பது அவருக்கே அப்போதுதான் ஞாபகம் வரும்.

"மீனை விடுங்க சார். இந்த இலை ஓரத்தைப் பாருங்க. கறுப்பா ஏதாச்சும் தெரியுதா?"

தெரியாது. குனிந்து, கண்ணைச் சுருக்கி, மூக்கு கண்ணாடியில் முட்டும் வரை போனால், அரை மில்லிமீட்டரில் ஒரு கறுப்புக் குஞ்சம் தெரியும். அவர் வீட்டுத் தொட்டியின் வெளிப்புறக் கண்ணாடியில், ஒரே உயரத்தில், வந்து போனவர்களின் மூக்குத் தடங்கள் வரிசையாக இருக்கும். உள்பக்கத்தைத் தினம் துடைப்பவர் அந்தப் பக்கத்தைத் துடைப்பதில்லை.

இவர் பிறக்கும்போதே இப்படியில்லை. நன்றாகத்தான் இருந்தார். எங்கேயோ தகாஷி அமானோவின் படம் ஒன்றைப் பார்த்துவிட்டார். அமானோ (1954–2015) ஜப்பானின் நீகாட்டாக்காரர், புகைப்படக் கலைஞர். தண்ணீருக்குள் ஒரு மலைச்சரிவையும் புல்வெளியையும் வளர்த்துக் காட்டலாம் என்று உலகத்துக்குச் சொல்லிக் கொடுத்தவர். கடைசிக் காலத்தில் லிஸ்பன் கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தில் 40 மீட்டர் நீளத்தில் 1,60,000 லிட்டர் தொட்டி ஒன்றை அமைத்துவிட்டுப் போனார். அந்தப் படங்களில் பாறை இருக்கிறது, காய்ந்த மரக்கிளை இருக்கிறது, மீன் கூட்டம் இருக்கிறது. பாசி மட்டும் இல்லை. குழாய், வடிகட்டி எல்லாவற்றையும் கழற்றி வைத்து, செடியைக் கத்தரித்து, கண்ணாடியைப் பளபளவென்று தேய்த்துவிட்டுத்தான் இந்த மாதிரிப் படங்களை எடுப்பார்கள் என்று நம்மாளிடம் யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் காதில் ஏறியிருக்காது. கல்யாண ஆல்பத்தைப் பார்த்துக் குடித்தனத்தை எடை போடுகிறவர்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொளத்தூரில் இருந்தார். சென்னையில் மீன் தொட்டி என்றால் கொளத்தூர்தான். கடைக்குக் கடை காற்றடைத்த பாலித்தீன் பைகளில் மீன்கள் தொங்கும். வாசலிலேயே பம்பு, வலை, மணல், மரக்கட்டை. நம்மாள் இரண்டரை அடித் தொட்டி ஒன்று வாங்கினார். நூறு லிட்டர் பிடிக்கும். கூடவே மண், விளக்கு, வடிகட்டி, அனுபியாஸ், ரோட்டாலா, கிரிப்டோகோரைன் செடிகள். மீன் வாங்க மறந்துவிட்டார். வீட்டம்மாள் நினைவூட்டிய பிறகு திரும்பிப் போய் வாங்கிவந்தார்.

புதுத் தொட்டியில் முதல் சில வாரங்களில் பழுப்பாகத் தூசி மாதிரி ஒன்று படியும். டயட்டம் என்று பெயர், சிலிக்கா ஓடு போர்த்திய நுண்ணுயிர். எல்லோர் தொட்டியிலும் வரும். விரலால் தேய்த்தால் போகும், கொஞ்ச நாளில் தானாகவே அடங்கும். பொறுத்திருப்பது ஒன்றுதான் அதற்கு மருந்து. அது எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லாததால் நம்மாள் வாங்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் வாங்கினார்.

அதிலிருந்து பிடித்தது. இப்போது அவர் பாசிகளைப் பங்காளிகள் மாதிரி ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அறிவார். கண்ணாடியிலும் அனுபியாஸ் இலையிலும் ஒட்டிக்கொண்டு நகத்துக்கும் அசையாதது பச்சைப் புள்ளி. செடியோடு செடியாகச் சிக்கிக்கொண்டு, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷைச் சுழற்றினால் நூலாக வருவது முடிப் பாசி. சாம்பல் நிறத்தில் கிளைகிளையாக வருவது மான்கொம்பு. தண்ணீரே பாலக்கீரைச் சாறாக மாறிப்போவது பச்சைத் தண்ணீர், அதில் மீன் கண்ணாடிக்கு அருகே வந்தால்தான் உண்டா இல்லையா என்று தெரியும். மண்மேல் வழவழவென்று நீலப்பச்சைப் போர்வையாகப் படர்ந்து குமட்டும் வாடை அடிப்பது பாசியே இல்லை, சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிர். யாராவது அதைப் பாசி என்று சொல்லிவிட்டால் திருத்தாமல் விடமாட்டார். இத்தனைக்கும் மேலே, குலப்பகை ஒன்று உண்டு. கறுப்புத் தாடிப் பாசி. கறுப்பாகத் தெரிந்தாலும் அது சிவப்புப் பாசி இனத்தைச் சேர்ந்தது. செத்தால்தான் குட்டு வெளிப்படும், இளஞ்சிவப்பாக மாறும். அந்த இளஞ்சிவப்பைப் பார்த்த அன்று அவர் வீட்டில் பாயசம்.

அதைச் சாகடிக்கத்தான் அவர் மருந்துக் கடைக்குப் போனார்.

"ஹைட்ரஜன் பெராக்சைடு ரெண்டு பாட்டில். அப்புறம் ஊசி இல்லாம ஒரு சிரிஞ்சு."

கடைக்காரருக்குப் பழகிய கேள்விதான். "எங்க சார் புண்ணு?"

"இலையில."

"எதுல?"

"அனுபியாஸுக்கு. இலை ஓரம் பூரா தாடி."

கடைக்காரர் சீட்டை வாங்கக் கை நீட்டியவர் கையை மடக்கிக்கொண்டார். "வெளிநாட்டுக்காரங்களா சார்?"

"ஆமா, மேற்கு ஆப்பிரிக்கா. ரொம்ப மெதுவா வளர்ற ஜாதி. மாசத்துக்கு ஒரு இலை விட்டாலே பெரிசு. அதனாலதான் பாசி புடிச்சுக்குது."

பக்கத்தில் சளி மருந்துக்கு நின்றிருந்த அம்மாள் குழந்தையை இழுத்துக்கொண்டு ஒரு அடி நகர்ந்து நின்றார். பாட்டிலில் 20 வால்யூம் என்றிருந்தது. அதாவது 6 சதவீதம். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தால் 3 சதவீதமாகும். வடிகட்டியை நிறுத்திவிட்டு, சிரிஞ்சில் எடுத்து, தாடியின் மேல் மட்டும் மெல்லப் பீய்ச்ச வேண்டும், ஐந்து பத்து நிமிடம் விட்டு வடிகட்டியைப் போட வேண்டும். அளவு மீறினால் இறால் போய்விடும். இதையெல்லாம் அவர் கடைக்காரருக்கு விளக்கிவிட்டே வந்தார். பின்னால் வரிசை நின்றது.

உரக் கடை வைபவம் இதற்குக் குறைந்ததல்ல. செடிக்கு நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் வேண்டும். தொட்டிக்கென்று சின்னச் சீசாவில் அடைத்து விற்பதன் விலையைக் கேட்டால் தலை சுற்றும். அதே சரக்கு சொட்டு நீர்ப் பாசனத்துக்குக் கரைக்கும் உரமாகக் கிலோக் கணக்கில் கிடைக்கிறது என்று ஒரு நாள் கண்டுபிடித்தார். திருவள்ளூர்ச் சாலையில் ஒரு கடை.

"13-0-45 ஒரு கிலோ. 0-52-34 ஒரு கிலோ."

எண்களைத் தடங்கலில்லாமல் சொன்னதும் கடைக்காரருக்கு மரியாதை வந்துவிட்டது. நாற்காலி போட்டார். "என்னங்க பயிரு?"

"ரோட்டாலா, கிரிப்டோகோரைன். ஊடுபயிரா கொஞ்சம் வாலிஸ்நீரியா."

"புது ரகமா இருக்கே. எத்தினி ஏக்கருங்க?"

"இரண்டரை அடி."

நாற்காலி திரும்பப் போனதா என்று தெரியவில்லை. ஒரு கிலோ நூறு லிட்டர் தொட்டிக்கு எத்தனை வருஷம் வரும் என்று கணக்குப் போட்டால், பேரன் காலத்திலும் மிச்சமிருக்கும்.

பாசிக்கு எதிரான இந்த யுத்தத்தில் சித்தாந்தச் சண்டையும் உண்டு. 1996-இல் பால் சியர்ஸ், கெவின் கான்லின் என்ற இருவர், பாஸ்பேட்டைப் பட்டினி போட்டால் பாசி அடங்கும் என்று எழுதினார்கள். உலகமே தொட்டியிலிருந்து பாஸ்பேட்டை உறிஞ்ச ஆரம்பித்தது. பிறகு டாம் பார் என்ற அமெரிக்கர் வந்து, நான் பாஸ்பேட்டை அள்ளிப் போடுகிறேன், என் தொட்டியில் பாசி இல்லையே என்றார். செடிக்கு எதுவும் குறையாமல் தாராளமாகப் போடு, வாரம் பாதித் தண்ணீரை மாற்று, கார்பன் டை ஆக்சைடைச் சீராக வை என்பது அவர் கட்சி. என் புத்திக்கு எட்டியவரை பார் சொல்வதுதான் நடைமுறைக்கு ஒத்துவருகிறது. தெம்பாக வளரும் செடி உள்ள தொட்டியில் பாசி தலையெடுப்பது கஷ்டம், வாடிய இலையில்தான் அது முதலில் உட்காருகிறது. நம்மாள் எந்தக் கட்சியையும் பகைத்துக்கொள்ளவில்லை. திங்கள் முதல் புதன் வரை பாஸ்பேட்டை உறிஞ்சும் பொடியை வடிகட்டியில் போடுவார். வியாழன் முதல் சனி வரை பாஸ்பேட் உரமான 0-52-34 போடுவார். ஞாயிறு ஓய்வு.

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதலில் பெப்சி பாட்டிலில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டுப் பார்த்தார், வீட்டில் கள்ளுக்கடை வாடை அடித்தது. பிறகு தீயணைப்புச் சாதனம் நிரப்பும் கடைக்குப் போய் சிலிண்டரே வாங்கிவிட்டார். லிப்டில் அதைத் தூக்கிக்கொண்டு வந்த அன்று குடியிருப்புச் சங்கச் செயலாளர் அவரைப் பாராட்டினார், "பொறுப்புள்ள குடித்தனக்காரர், எல்லா வீட்டிலும் இப்படி ஒன்று வேண்டும்" என்று. தொட்டிக்குள் ஒரு கண்ணாடிக் குமிழ் தொங்கும். அதிலுள்ள நீர் நீலமாக இருந்தால் வாயு போதவில்லை, இளம்பச்சை என்றால் சுமார் 30 பிபிஎம், சரி, மஞ்சள் என்றால் மீனுக்கு மூச்சு முட்டுகிறது. காலையில் எழுந்ததும் அவர் முதலில் முழிப்பது அதில்தான். மே மாதத்தில் தண்ணீர் 33 டிகிரிக்குப் போகும்போது வாயு கரைவது குறைந்து குமிழ் நீலத்துக்கு நழுவும், அவரும் நீலமாகிவிடுவார். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருக்கும் குட்டி விசிறியைப் பிடுங்கித் தண்ணீர் மேல் கட்டி இரண்டு டிகிரி இறக்குவார். அந்த வீட்டில் ஏசி இல்லை. மீனுக்கு விசிறி உண்டு.

ஆனால் அவருடைய பெரிய செலவு ஆள் பலத்தில்தான். பாசி தின்னும் படை.

முதலில் சயாமீஸ் பாசிதின்னி என்று சொல்லிக் கொடுத்ததை வாங்கினார். உண்மையான சயாமீஸில் உடம்பிலுள்ள கறுப்புக் கோடு வால் துடுப்பு வரை ஓடும். தாடிப் பாசியைத் தின்னும் மீன்கள் அபூர்வம், அதில் இது ஒன்று. இவருக்குக் கிடைத்தது சைனீஸ். குட்டியாக இருக்கும்போது சமர்த்தாகப் பாசி தின்றது. வளர்ந்ததும் பாசி கசந்துவிட்டது, மற்ற மீன்களின் விலாவில் ஒட்டிக்கொண்டு மேல்தோல் வழவழப்பைச் சப்ப ஆரம்பித்தது. அடுத்தது 'டேங்க் கிளீனர்' என்று செல்லமாக விற்கப்படும் சக்கர் கெளுத்தி. கட்டைவிரல் அளவில் வாங்கியது ஒரு அடிக்கு மேல் வளரும், செடியை வேரோடு பெயர்க்கும், தின்பதற்கு மேல் கழியும். இதைச் சமாளிக்க முடியாமல் பலர் ஏரியில் கொண்டுபோய் விட்டதன் பலனைச் சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகளில் மீன் பிடிப்பவர்களின் வலையில் பார்க்கலாம், வலையைக் கிழித்துக்கொண்டு முள்ளும் செதிலுமாக வருகிறது. நம்மாள் அந்தப் பாவத்தைச் செய்யவில்லை, கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்தார். அதற்காக அவருக்கு ஒரு கும்பிடு.

பிறகு நெரைட் நத்தை. கண்ணாடியிலிருந்த பச்சைப் புள்ளியைச் சுத்தமாக மேய்ந்தது, பொய் சொல்லக்கூடாது. மேய்ந்த இடமெல்லாம் வெள்ளையாக எள்ளு மாதிரி முட்டையிட்டு வைத்தது. நன்னீரில் அந்த முட்டை பொரியாது, லேசில் உரியவும் உரியாது. பச்சைப் புள்ளி போய் வெள்ளைப் புள்ளி வந்தது.

அமானோ இறால்தான் சரி என்று கடைசியில் அதற்குப் போனார். பாசி மேயும் அதன் குணத்தை 1980-களில் உலகுக்கு எடுத்துக்காட்டியவர் அதே அமானோ என்பதால் பயபக்தியோடு வாங்கினார். அதன் குஞ்சுகளுக்கு உப்புத் தண்ணீர் வேண்டும் என்பதால் தொட்டியில் பெருகாது, ஒவ்வொன்றும் காசு கொடுத்து வாங்க வேண்டும். இறாலும் கூடவே வாங்கிய ஒட்டோ என்ற சின்னக் கெளுத்திகளும் சேர்ந்து, சொன்னால் நம்பமாட்டீர்கள், பாசியைத் தின்று தீர்த்துவிட்டன. வீடு திருவிழாக் கோலம் பூண்டிருக்க வேண்டும். நம்மாள் முகத்தில் ஈயாடவில்லை.

"ஒட்டோவுக்கு வயிறு ஒட்டிப்போச்சு" என்றார் வீட்டம்மாளிடம். "சாப்பாடு இல்லை."

"பாசி திங்கத்தானே வாங்குனீங்க?"

"அதான் பாசி இல்லையே."

வெள்ளரிக்காயை வேகவைத்து, ஸ்பூனில் கோத்துத் தொட்டியில் இறக்கினார். தொடவில்லை. கடைசியில் பால்கனியில், நல்ல வெயிலில், ஒரு வாளித் தண்ணீரில் கூழாங்கற்களைப் போட்டு வைத்தார். எதற்கு என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரருக்கு நிதானமாகப் பதில் சொன்னார்: "பாசி வளர்க்கிறேன்." வாளித் தண்ணீர் ஸ்படிகமாக இருந்தது. கல்லும் கழுவி வைத்த மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் கூப்பிடாமல் வந்தது, கூப்பிட்டவுடன் வரவில்லை.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு முறை அவர் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் சிமெண்ட் தொட்டியை ஆயுசு முழுக்கப் பராமரித்த கை. ஹாலில் காலை ஆறு மணியிலிருந்து ராத்திரி பத்து மணி வரை தகதகவென்று எரியும் விளக்கைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏண்டா, வெயில் பட்டா பாசி புடிக்கத்தானே செய்யும்? ரெண்டு கீத்த எடுத்து மேல போட்டு மூடு."

"உனக்குத் தெரியாதும்மா, இது வேற சயின்ஸ்."

அடுத்த மாதம் வீடியோ ஒன்றில் ஜெர்மன்காரர் ஒருவர் அதையே கட்டம் போட்டுப் படம் வரைந்து சொல்லக் கேட்டார்: விளக்கை எட்டு மணி நேரத்துக்கு மேல் எரியவிடாதே, பாசி முற்றினால் மூன்று நாள் தொட்டியைக் கறுப்புத் துணியால் மூடி வை. அன்றைக்கே டைமர் வாங்கினார். அம்மாவிடம் போனில் பெருமையாக, "போட்டோபீரியடைக் குறைச்சுட்டேன்" என்றார். அம்மா, நல்லது, சாப்பிட்டியா என்று கேட்டார்.

மூன்று நாள் மூடி வைத்தாரா என்றால், மூடினார். டார்ச் அடித்துத் துணியை நீக்கி, பாசி செத்ததா என்று மணிக்கொரு தரம் பார்த்தார்.

இந்த ஆராய்ச்சியில் நிகர லாபம் அடைந்தது வீட்டம்மாள்தான். ஞாயிறுதோறும் தொட்டியிலிருந்து கழிக்கும் ஐம்பது லிட்டர் தண்ணீரை அவர் வீணாக்குவதில்லை. பால்கனியில் இருக்கும் கறிவேப்பிலைக்கும் துளசிக்கும் ஊற்றுவார். மீன் கழிவும், கணவர் கரைத்த 13-0-45-உம் சேர்ந்த நீர். கறிவேப்பிலை இலை ஒவ்வொன்றும் கரும்பச்சையில், கிள்ளினால் அடுத்த வீடு வரை மணக்கும். அந்தக் குடியிருப்பில் யாரும் கறிவேப்பிலை வாங்குவதில்லை. கேட்டு வருகிறவர்களிடம் நம்மாள் தன் ரோட்டாலாவைக் காட்டுவார், அவர்கள் கறிவேப்பிலையைப் பறித்துக்கொண்டு போவார்கள்.

அந்த வீட்டம்மாளின் அக்கா மகளுக்கு வரன் பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துவர வில்லிவாக்கம் போனபோது, சகலை என்ற முறையில் இவரையும் அழைத்துப்போக வேண்டியதாயிற்று. ஹாலில் நுழைந்தால் எதிரிலேயே மூன்றடித் தொட்டி. வாங்க என்று கைகூப்பிய பெரியவரைத் தாண்டிப் போய் அதன் முன்னால் மண்டியிட்டார். சொந்த வீடா, வேலை நிரந்தரமா, செவ்வாய் தோஷம் உண்டா என்ற பேச்செல்லாம் அவர் முதுகுக்குப் பின்னால் நடந்தது. கேசரி வந்தது, தொட்டி மூடியின் மேல் வைத்துச் சாப்பிட்டார். செல்போன் விளக்கை அடித்து மரக்கட்டையின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். பின்னால் கைவிட்டு டைமரைத் தடவிப் பார்த்தார். மாப்பிள்ளைப் பையன் வந்து வணக்கம் சொன்னபோது, திரும்பாமலே "கொஞ்சம் தள்ளி நில்லுங்க தம்பி, நிழல் விழுது" என்றார்.

திரும்பி வரும்போது காரில் அக்கா வீட்டுக்காரர் கேட்டார், "என்ன சகலை, நீ ஒண்ணுமே சொல்லலையே?"

"தங்கமான பையன். கண்ணை மூடிக்கிட்டுக் குடுக்கலாம்."

"ஒரு வார்த்தை பேசலை, மூஞ்சியக்கூடப் பாக்கலை, எப்படிச் சொல்ற?"

"அனுபியாஸ் இலை ஒவ்வொண்ணும் உள்ளங்கை அகலம். ஒரு புள்ளி இல்லை, ஒரு தாடி இல்லை. சிலிண்டர் கிடையாது. விளக்கு ஆறே மணி நேரம். இதுக்கு எவ்வளவு நிதானம் வேணும் தெரியுமா? இவன் பொண்டாட்டிகிட்டக் குரலை ஒசத்த மாட்டான்."

பின் சீட்டிலிருந்து வீட்டம்மாள் சொன்னார், "அது பையனோடது இல்லீங்க, அவங்க அம்மாவோடதாம். நான் சமையல்கட்டுல கேட்டேன். வாரத்துக்கு ரெண்டு வாளித் தண்ணி மாத்துறதோட சரியாம், வேற ஒண்ணுமே பண்றதில்லையாம்."

நம்மாள் பாடி மேம்பாலம் வரை யோசித்தார்.

"அப்போ மாமியார் நல்லவங்க" என்றார். "இன்னும் விசேஷம். தேதியக் குறிங்க."